மாடிஃபை செய்த ஃபார்ச்சூனர்: விற்பதா, எக்சேஞ்சில் விடுவதா, மாற்றிக்கொள்வதா?

கேள்வி இதுதான்: 2021 மாடல் டொயோட்டா ஃபார்ச்சூனர் 2.8 டீசல், ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ். கோவை பதிவு, ஒரே ஓனர், மீட்டரில் 58,000 கி.மீ. ஸ்டேஜ் 1 ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி பவரைக் கூட்டுவது), 2 அங்குல லிஃப்ட் (சஸ்பென்ஷனை உயர்த்துவது), 285/60 ஆர்18 டயர், ஸ்நோர்க்கல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்), வேறு ஏர் ஃபில்டர், வேறு சைலன்சர், முன்னால் கிராஷ் கார்டு, எல்.இ.டி. பார். மொத்தம் நாலரை லட்சம் செலவு. இதை அப்படியே விற்கலாமா, புது வண்டிக்கு எக்சேஞ்சில் விடலாமா, இல்லை இன்னொருவர் வண்டியோடு மாற்றிக்கொள்ளலாமா?

முதலில் அந்த நாலரை லட்சத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பழைய வண்டிச் சந்தையில் விலை போடுவது ஆர்.சி. புக்கில் இருக்கும் வண்டிக்குத்தான். மாடல், வருடம், வேரியன்ட், கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர் என்று கேட்பார்கள்; மேலே ஏற்றிய சாமானைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டால் விலையைக் குறைக்கத்தான் கேட்பார்கள். ரீமேப் என்ற சொல் காதில் விழுந்ததும் கன்சல்டிங்காரர் (பழைய வண்டி வியாபாரி) மனதில் ஓடுவது ‘வண்டியை மிதி மிதியென்று மிதித்திருக்கிறார்கள்’ என்பதுதான். நீங்கள் 80-க்கு மேல் போகாதவராக இருந்தாலும் அந்த எண்ணத்தை மாற்ற முடியாது. அதனால் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, கம்பெனி நிலைக்குக் கொண்டுவந்து வண்டியைத் தனியாக விற்றுவிடுங்கள்; சாமான்களைத் தனியாக விற்றுக்கொள்ளலாம். ஆனால் ரீமேப் இருந்ததை வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அப்படியே விற்பதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்தோடு ஆர்.சி. விவரம் ஒத்துப்போகாத அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனியுங்கள். கிராஷ் கார்டைக் கழற்ற வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் இருந்தால் அதையும் இப்போதே உரித்துவிடுங்கள். முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். பெயர் மாற்றத்துக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லி பிரேக் இன்ஸ்பெக்டர் சுற்றிப் பார்த்தால், இவையெல்லாம் முதல் பார்வையிலேயே மாட்டும். வாங்குபவர் பாலக்காட்டுப் பக்கம் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மாடிஃபை வண்டி விஷயத்தில் கேரள அதிகாரிகள் விட்டுக்கொடுப்பதில்லை.

இனி கழற்றும் வேலை. இதில் வரிசை முக்கியம். பலர் முதலில் ரீமேப்பை எடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள். அது தப்பு. உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியின் குழாய் அளவுக்கு ஏற்றபடி கணக்கிடப்பட்டது. ஃபில்டர் பெட்டி வேறாக இருக்கும்போது கம்பெனி ஃபைலை, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் ஒரிஜினல் மென்பொருளை, ஏற்றினால் காற்றின் அளவு பிசகிக் காட்டும். புகையோ செக் எஞ்சின் விளக்கோ வரலாம். எனவே ஃபில்டர், சைலன்சர் எல்லாம் பழைய நிலைக்கு வந்த பிறகுதான் ஃபைல்.

ரீமேப் செய்தவரிடம் உங்கள் வண்டியிலிருந்து முதலில் எடுத்த ஒரிஜினல் ஃபைல் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். ‘இதே மாடல் இன்னொரு வண்டியின் ஃபைல் இருக்கிறது, அதைப் போடுகிறேன்’ என்றால் வேண்டாம். கேலிப்ரேஷன் எண் (ஃபைலின் அடையாள எண்) வேறாக இருந்தால் ஷோரூம் ஸ்கேனரில் உடனே தெரியும். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் திருத்தக் குறியீடுகளும் பொருந்தாமல் போக வாய்ப்புண்டு. ஃபைல் ஏற்றியதும் மிக முக்கியமான ஒன்று: வண்டியை உடனே காட்ட வேண்டாம். ஃபைல் மாறும்போதும் பிழைக் குறியீடுகளை அழிக்கும்போதும், வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ரெடினெஸ் மானிட்டர்கள் சுழியத்துக்குப் போய்விடும். விவரம் தெரிந்தவர் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே கிடைக்கும், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரைச் செருகி, ‘முடியவில்லை’ என்று வரிசையாக வருவதைப் பார்த்தால், நேற்றுதான் எதையோ அழித்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவார். குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் நகரத்திலும் கொஞ்சம் பைபாஸில் ஒரே வேகத்திலுமாக இரண்டு மூன்று நாளில் 200 கி.மீ. ஓட்டினால் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும்.

சைலன்சரை மாற்றும்போது டி.பி.எஃப். எனப்படும் புகைக்கரி வடிகட்டியை எடுத்துவிட்டார்களா, குடைந்துவிட்டார்களா என்று உறுதி செய்யுங்கள். பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டியில் அது இருந்தே ஆக வேண்டும். வெளியே பார்க்கக் கூடு அப்படியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஃபைலில் சென்சாரை அணைத்திருப்பார்கள். கம்பெனி ஃபைல் திரும்பிய மறுநாளே விளக்கு எரியத் தொடங்குவது இதனால்தான். சைலன்சரின் வால் குழாய்க்குள் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். டி.பி.எஃப். நன்றாக வேலை செய்யும் வண்டியில் விரல் கிட்டத்தட்ட சுத்தமாக வரும். அடுப்புக்கரி போலக் கறுப்பாக ஒட்டினால் உள்ளே வடிகட்டி இல்லை அல்லது விரிசல் விட்டிருக்கிறது. அப்படியானால் புது டி.பி.எஃப். போட்டு விற்க வேண்டும். இல்லாவிட்டால் விஷயத்தைச் சொல்லி, அதன் விலையைக் கழித்துக் கொடுக்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

லிஃப்ட்டைக் கழற்றுவது எளிது, சரியாகக் கழற்றுபவர்கள்தான் குறைவு. முன்பக்க ஸ்ட்ரட் மேல் ஸ்பேசர் வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டால் போதும். ஷாக் அப்சார்பரே மாற்றியிருந்தால் பழையதை மாட்ட வேண்டும். படுக்கப்போட்டு வைத்திருந்த ஷாக்கில் காற்றும் ஆயிலும் கலந்திருக்கும். மாட்டுவதற்கு முன் நிமிர்த்தி வைத்து ஏழெட்டு முறை முழுதாக இழுத்து அமுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே கொடகொடவென்று சத்தம் வரும். அடுத்து, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கண்ட்ரோல் ஆர்ம் போல்ட்டுகளை, பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரம் தொங்கும்போது முறுக்கிவிடக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை அதன்மேல் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு. தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் கிழியும். பிறகு நான்கு சக்கர அலைன்மென்ட், முன்விளக்கின் உயரத்தைத் திரும்பச் சரிசெய்வது. லிஃப்ட்டில் ஓடிய காலத்தில் முன் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்திருக்கும். அதன் ரப்பர் பூட் (உறை) மடிப்புகளுக்குள் விரிசல் இருக்கிறதா, கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். வாங்குபவரின் மெக்கானிக் குனிந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

டயர் விஷயம். ஃபோர் வீல் டிரைவ் மாடலில் கம்பெனி அளவு 265/60 ஆர்18. விட்டம் சுமார் 775 மி.மீ. உங்கள் 285/60 ஆர்18 சுமார் 799 மி.மீ. மூன்று சதவீதம் பெரியது. அதாவது மீட்டர் மூன்று சதவீதம் குறைவாக ஓடியிருக்கிறது. 58,000-மும் பெரிய டயரில் ஓடியது என்று வைத்தால் உண்மையில் 59,800-க்குப் பக்கம். சின்ன வித்தியாசம்தான், ஆனால் சர்வீஸ் பதிவையும் டயர் பில்லையும் ஒப்பிட்டுப் பார்த்து, எந்தக் கிலோமீட்டரில் டயர் மாறியது என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் மீட்டர் மீது சந்தேகமே எழாது. கம்பெனி அலாயும் டயரும் கையில் இல்லையென்றால், கம்பெனி அளவில் நல்ல நிலையில் இருக்கும் ஒரு செட்டைத் தேடிப் பிடியுங்கள். அதே வண்டி வைத்திருப்பவர்கள் உங்கள் செட்டை வாங்கிக்கொண்டு அவர்களுடையதையும் மேலே பணமும் தருவது அபூர்வமில்லை.

ஸ்நோர்க்கல்தான் தலைவலி. வலது ஃபெண்டரில் ஓட்டை போட்டிருப்பார்கள். கழற்றினால் ஓட்டை தெரியும். ஃபெண்டரை மாற்றினால் அடிபட்ட வண்டி என்பார்கள். ஃபெண்டர் வெல்டிங் இல்லாமல் போல்ட்டில் மாட்டியது என்பதால் மாற்றுவது சுலபம், ஆனால் பழகிய கண் பானெட்டைத் திறந்ததும் ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையைத்தான் பார்க்கும். பெயின்ட் கீறி ஸ்பேனர் தடம் இருந்தால் கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓட்டையை டிங்கரிங் செய்து புட்டி வைத்து அடைப்பது இதைவிட மோசம். பெயின்ட் கேஜ் (பெயின்டின் தடிமனை அளக்கும் கருவி) வைத்தால் அந்த இடம் மட்டும் எகிறும். கம்பெனி பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். புட்டி இருக்கும் இடம் அதைப்போல் பல மடங்கு காட்டும். புது ஒரிஜினல் ஃபெண்டர் வாங்கி, கலர் மேட்ச் செய்து அடித்து, பில்லையும் ஓட்டையோடு இருந்த பழைய ஃபெண்டரின் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஏன் மாறியது என்பதற்கு ஆதாரம் இருந்தால் விலை இறங்காது. இன்னொன்று: வண்டிக்கு பி.பி.எஃப். பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதுவே 150 முதல் 200 மைக்ரான் தடிமன். முழு வண்டியும் 300-ஐத் தொட்டு நிற்கும். அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ‘முழு பெயின்டும் அடித்த வண்டி’ என்ற பெயர் வந்துவிடும்.

எல்.இ.டி. பார் வயரிங்கைக் கழற்றும்போது கட்டிங் பிளேயரால் நறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். பட்டறையில் நின்று பாருங்கள். பேட்டரியிலிருந்து வந்த ஃபியூஸ் வயர், ரிலே, டாஷ்போர்டு ஓட்டை வழியாக வந்த ஸ்விட்ச் வயர் மூன்றும் முழுதாக வெளியே வர வேண்டும். முன்விளக்கு வயரில் கிளிப் போட்டுக் கடித்து எடுத்திருந்தால் அந்த இடத்தைச் சால்டர் செய்து மூட வேண்டும். கடைசியில் வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து பேட்டரியிலிருந்து எவ்வளவு கரண்ட் போகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் எங்கோ ஒரு வயர் இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறது.

இனி ரீமேப்பை ஏன் சொல்ல வேண்டும் என்பது. இந்த எஞ்சின் ஆட்டோமேட்டிக்கில் கம்பெனி கொடுப்பதே 204 பி.எஸ். பவர், 500 நியூட்டன் மீட்டர் டார்க். மேனுவலில் டார்க் 420-தான். ரீமேப் அதற்கு மேல் ஏற்றும் சுமையைத் தாங்குவது டர்போவும், எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரும். கன்வர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் தேய்ந்திருந்தால் 60-70 கி.மீ. வேகத்தில் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது கரடுமுரடான சாலையில் போவது போல ஓர் அதிர்வு வரும். இது ஃபைலை மாற்றினாலும் போகாது. வாங்கியவர் மூன்றாம் மாதம் கியர்பாக்ஸைத் திறந்து, எவரோ ஒருவர் மூலம் பழைய ரீமேப்பைக் கண்டுபிடித்துவிட்டால், நீங்கள் மறைத்தது என்ற ஒரே காரணம் போதும் நோட்டீஸ் விடுவதற்கு. சொல்லி விற்றால் அந்தப் பேச்சே இல்லை. கியர் ஆயிலை மாற்றி, பழைய ஆயிலின் நிறத்தைப் படம் எடுத்து வையுங்கள். இன்ஜெக்டர் ஃபீட்பேக் அளவுகளை ஷோரூமில் ஸ்கேன் செய்து அச்சடித்து வாங்குங்கள். ரீமேப் ஓடிய வண்டியை வாங்கத் தயங்குபவரை நம்ப வைப்பது வாய்ப்பேச்சு இல்லை, இந்த இரண்டு ஆதாரங்கள்.

விளம்பரத்தில் இப்படி எழுதலாம்: ‘2021 ஃபார்ச்சூனர் 2.8 ஆட்டோமேட்டிக் ஃபோர் வீல் டிரைவ், ஒரே ஓனர், 58,000 கி.மீ. 22,000-லிருந்து 57,500 கி.மீ. வரை ஸ்டேஜ் 1 ரீமேப், லிஃப்ட், பெரிய டயர் இருந்தன; இப்போது எல்லாம் கம்பெனி நிலையில். வலது ஃபெண்டர் ஸ்நோர்க்கல் ஓட்டைக்காக மாற்றியது, விபத்து இல்லை. எல்லா பில்லும் ஸ்கேன் அறிக்கையும் உண்டு. எந்த ஷோரூமில் வேண்டுமானாலும் காட்டிப் பார்க்கலாம்.’ கிலோமீட்டர் எண்ணைப் போடுவதுதான் இதில் வேலை செய்யும் பகுதி. ‘லைட்டாக மாடிஃபை செய்தது’ என்று எழுதினால் ஐம்பது ஃபோன் வரும், ஐம்பதும் வெட்டிப்பேச்சு.

எக்சேஞ்ச் என்றால் ஒரே ஒரு எச்சரிக்கை. ஷோரூமில் பழைய வண்டி விலை, எக்சேஞ்ச் போனஸ், புது வண்டித் தள்ளுபடி மூன்றையும் கலந்து ஒரே எண்ணாகச் சொல்வார்கள். பழைய வண்டிக்கு ஐம்பதாயிரம் கூட்டியது போலக் காட்டி, தள்ளுபடியில் ஐம்பதாயிரத்தை விழுங்கிவிடலாம். எக்சேஞ்ச் இல்லாமல் புது வண்டியின் ஆன்-ரோடு விலை எவ்வளவு என்று ஒரு தாளில் வாங்குங்கள். எக்சேஞ்சோடு கையிலிருந்து போக வேண்டிய தொகை எவ்வளவு என்று இன்னொரு தாளில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் வண்டிக்கு அவர்கள் தரும் உண்மையான விலை. அதே வாரத்தில் இரண்டு கன்சல்டிங்கில் கேட்ட விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாடிஃபை வண்டியை ஷோரூமின் சர்டிஃபைட் திட்டத்தில் எடுக்க மாட்டார்கள். எடுத்த கையோடு வெளி வியாபாரிக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த வியாபாரியின் லாபமும் உங்கள் விலையிலிருந்துதான் கழியும். கம்பெனி நிலைக்குக் கொண்டுவந்த பிறகு போனால் இந்த இழப்பு பெரும்பாலும் இருக்காது.

வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்வதில் பலர் நினைப்பது போல ஒரே பரிமாற்றம் கிடையாது; காகிதத்தில் அது இரண்டு தனித்தனி விற்பனை. இரண்டு வண்டிக்கும் தனித்தனியாகப் பெயர் மாற்றப் படிவம் 29, படிவம் 30. எதிராளி வண்டியில் வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வரும் வரை உங்கள் சாவி உங்கள் கையில். வித்தியாசத் தொகையை வங்கி மூலமே வாங்குங்கள்; ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். எதிராளியின் வண்டி எண்ணை மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் போட்டு நிலுவை அபராதம், கடன் பதிவு, இன்சூரன்ஸ் தேதி மூன்றையும் பாருங்கள். அவர் வண்டியும் மாடிஃபை செய்ததாக இருந்தால், மேலே சொன்ன எல்லாவற்றையும் அந்த வண்டியில் நீங்கள் தேட வேண்டியிருக்கும்.

விற்பனைக் காகிதங்களில் அலட்சியம் கூடாது. கையெழுத்து போட்ட வெறும் படிவத்தைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வருவது இன்றும் சாதாரணமாக நடக்கிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறினாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள்ளும், வெளிமாநிலத்துக்கு என்றால் 45 நாளுக்குள்ளும் விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிமாநிலத்துக்குப் படிவம் 28 என்.ஓ.சி. தனியாக வேண்டும். பழைய வண்டி வியாபாரியிடம் விட்டால் அவர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, அப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் பரிவாகன் தளத்தில் படிவம் 29சி மூலம் பதிவு செய்யலாம். அதன் பிறகு பொறுப்பு அவருடையது. டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் நிமிடமும் எழுதி, மீட்டர் அளவைக் குறித்து, முன்பு இருந்த மாற்றங்களின் பட்டியலைக் கீழே சேர்த்து, இருவரும் கையெழுத்து போடுங்கள். மாலை 4:10-க்கு ஒப்படைத்த வண்டி 5 மணிக்கு ரேடாரில் பிடிபட்டால் அந்த நிமிடம்தான் உங்களைக் காப்பாற்றும்.

இன்சூரன்ஸில் ஒரு நல்ல செய்தி: நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியம் தள்ளுபடி) வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை வந்திருக்கும். விற்ற ஆதாரத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கிக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். வாங்குபவர் 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு தானாகப் போய்ச் சேரும், சொந்தச் சேதக் காப்பீடு அப்படிப் போகாது என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கைச் சுரண்டி எடுத்தால் மட்டும் போதாது. வங்கியில் அந்தக் கணக்கை மூடச் சொல்லுங்கள். இல்லையென்றால் புது ஓனர் அவிநாசிப் பக்கம் டோல் தாண்டும்போதெல்லாம் உங்கள் ஃபோனில் மெசேஜ் வந்துகொண்டிருக்கும்.